அறுபத்திரண்டு சதவீதம் பேர்

பிப்ரவரி 3, செவ்வாய்

லிஃப்ட் இன்றும் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்வதற்குள் முதலாளி கூட்டத்தை ஆரம்பித்துவிட்டார். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. அதற்காகவே ஆபீஸில் பதினான்கு பேரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

கையில் ஒரு தாள். "அறுபத்திரெண்டு பர்சென்ட்!" என்றார், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி.

நாங்கள் நான்கு வருடமாகச் செய்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு முழுக்கக் கடலில் நடப்பது. புயலில் மாட்டிய படகுகளைக் கரை சேர்க்க வேண்டும். அந்தக் கடல் அசல் கடலாகத் தெரிய வேண்டுமானால், ஆடுகிறவரின் மெஷினில், திரையில் படம் வரையும் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்காக இன்னொரு எளிய கடல் தனியாக எழுதப்படுகிறது. அலை கொஞ்சம் தட்டை, நுரை கிடையாது, ஆனால் ஓடும். அதை எழுதுகிறவள் உப்பு. கடல் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று புதியவர்களிடம் சொல்வோம். அவள் நாக்கால் வந்த பெயர் என்று ஒரே நாளில் அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

விளையாட்டு விற்கும் அந்தப் பெரிய இணையக் கடை மாதாமாதம் ஒரு சர்வே வெளியிடுகிறது. யாரிடம் என்ன கார்டு, எவ்வளவு மெமரி, எல்லாம் சதவீதத்தில். அதன்படி நம் கடலுக்குத் தேவையான கார்டு அறுபத்திரண்டு சதவீதம் பேரிடம் இருக்கிறதாம்.

"அப்புறம் எதுக்கு ரெண்டு கடல்? எளிய கடலை விட்டுட்டா மே மாசமே வெளியிட்டுடலாம்."

எண்களைப் பார்ப்பது இங்கே என் வேலை, ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "யார்கிட்ட கேட்டாங்க? எத்தனை பேர்கிட்ட? எத்தனை பேர் மாட்டேன்னாங்க?" என்று கேட்டேன்.

"உலகமே இதைத்தான் பாக்குதுக்கா."

"உலகம் பாக்குதுங்கறதுக்காக சரியாயிடுமா?"

"உங்களுக்கு எதையுமே நம்ப வராதாக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். உப்பு சிரிக்கவில்லை. எளிய கடல் இல்லையென்றால் அவளுக்கு இங்கே வேலை இல்லை. அதை யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விளையாட்டுக்குப் பணம் போடும் வெளியீட்டாளர்களுக்கு, எந்த மாதம், எத்தனை கடல் என்று மார்ச் 13-க்குள் பதில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

கடையின் பழைய சர்வேக்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட கார்டு நவம்பரில் ஒன்பது சதவீதம், டிசம்பரில் ஒன்பது, ஜனவரியில் பதினேழு. ஒரே மாதத்தில்! இத்தனை கோடிப் பேர் ஒரே மாதத்தில் ஒரே கார்டை வாங்கினார்கள் என்றால் கடைகளில் அது துடைத்து வழித்துக் காலியாகியிருக்க வேண்டாமா? இங்கே பக்கத்துக் கடையில் நான்கு பெட்டி தூசி படிந்து கிடக்கிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. எத்தனை பேர் மறுத்தார்கள் என்றும் இல்லை. லேப்டாப்பில் வரும் கார்டும் மேசைக் கம்ப்யூட்டரின் பெரிய பெட்டியில் வரும் கார்டும் பெயரில் ஒன்று, பலத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. சில இடங்களில் இரண்டையும் ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். ஆனால் சதவீதம் மட்டும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை. தராசு சரியில்லை, எடையை மட்டும் குன்றிமணி வரை சொல்கிறான்.

பிப்ரவரி 6, வெள்ளி

இணையக் கடைக்கு நான் எழுதிய கேள்விகளுக்குப் பதில் வந்தது: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி." அவ்வளவுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தம்பியின் கேமிங் சென்டருக்குப் போனேன்; மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துக் கம்ப்யூட்டரில் விளையாடும் இடம். திறந்து மூன்று வருடம். இன்றுதான் முதல் தடவை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கு மேல் மாடி. மொத்தம் முப்பத்து நான்கு மெஷின்கள். முன்வரிசைகளில் இருபத்திரண்டு புதுசு, எல்லாம் ஒரே மாதிரி. பின்னால் சுவர் ஓரம் பன்னிரண்டு பழசு, அதற்கு வாடகை பாதி. ஏசி சத்தத்துக்கு மேல் விசைப்பலகைச் சத்தம். ஒரு லாரி ஓட்டுநர் சீருடையோடு உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க ஓட்டியது போதாது போல.

"அந்த இணையக் கடையோட சர்வே பெட்டி, திரையில வந்து கேக்குமே, அது இங்க வருமாடா?" என்று கேட்டேன்.

"வருமே. ஆளாளுக்கு அவங்கவங்க கணக்குல நுழையறாங்க இல்ல? நுழைஞ்சதும் சில பேருக்குக் கேக்கும். படிச்சுப் பாக்காமலே சரின்னு தட்டிடுவாங்க, மெஷின்ல என்ன கார்டுன்னு அதுவே எடுத்துக்கும். உக்காந்த நேரம் ஓடுதே."

"ஒரே மெஷின்ல எத்தனை பேர்?"

மூன்றாம் நம்பர் மெஷினைக் காட்டினான். "நேத்து மட்டும் பதினோரு பேர். பதினோரு பேர்கிட்டயும் கேட்டிருந்தா, அவங்க கணக்குல அது பதினோரு மெஷின்."

ஒரு மெஷின் பதினொன்றாகிறது என்பது பாதிதான். அந்தப் பதினோரு பேரிடமும் வீட்டில் நல்ல மெஷின் இருக்காது. இருந்தால் காசு கொடுத்து இங்கே ஏன் வருகிறார்கள்? இல்லாதவன் பெயரில் புதுக் கார்டு எழுதப்படுகிறது! எங்கோ ஒரு நாட்டில் இப்படி ஆயிரக்கணக்கில் சென்டர்கள் இருந்து, ஜனவரியில் சர்வே பெட்டி அங்கே அதிகமாக வந்திருந்தால் போதும். ஒன்பது பதினேழாகிவிடும்.

நான் குனிந்து மெஷின் மெஷினாக நம்பர் குறித்துக்கொண்டிருந்தேன். தம்பி பின்னாலேயே நின்றான்.

"அக்கா."

"ம்?"

"மூணு வருஷம் கழிச்சு வர்ற. வந்து அரை மணி நேரமாச்சு. எப்படி இருக்கேன்னு இன்னும் கேக்கல."

எப்படிடா இருக்கே என்று அப்புறம் கேட்டேன். "நல்லா இருக்கேன்" என்றான், வாசலைப் பார்த்துக்கொண்டு.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு மணி நேரம். கேட்டார். நிஜமாகவே கவனித்துக் கேட்டார், அதுதான் எரிச்சல். கடைசியில்,

"சரிக்கா. அறுபத்திரெண்டு தப்பு. சரியான நம்பர் எது?"

"தெரியல."

"கூடவா, குறைச்சலா?"

"அதுவும் தெரியல."

"அப்போ நான் வெளியீட்டாளர்கிட்ட என்ன சொல்லட்டும்? எங்க கணக்கக்காவுக்கு சந்தேகம்னா?"

அவர் மேல் தப்பில்லை. முடிவெடுக்க வேண்டியவர் அவர். ஓட்டைப் படகு என்று கூவுவதற்கு நான் இருக்கிறேன், நல்ல படகு என்னிடம் இல்லை. ஆனாலும் — "தெரியாது" என்பது ஒரு பதில் இல்லையா? ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மார்க் போட்டிருக்கிறார்கள்?

பிப்ரவரி 16, திங்கள்

நானே ஒரு சர்வே நடத்தினேன். விளையாட்டுக்காரர்கள் கூடும் இரண்டு இணையக் குழுக்களில் படிவம் போட்டேன். இருநூற்று ஆறு பேர் நிரப்பினார்கள். நல்ல கார்டு இருப்பதாகச் சொன்னவர்கள் எண்பத்தொரு சதவீதம்.

வெளங்கினாப்ல தான். புதுக் கார்டு வாங்கினவன்தானே குழுவில் உட்கார்ந்து பேசுகிறான்? இன்னும் கடைகளுக்கே வராத கார்டு தன்னிடம் இருக்கிறது என்று ஒன்பது பேர். "என்ன கார்டு?" என்ற கேள்விக்கு ஒருவர் எழுதியது: "கருப்பு." அவர் ஒருவர்தான் உண்மை சொன்னவர் என்று நினைக்கிறேன்.

படிவத்தைப் பார்த்து உப்பு கேட்டாள், "அக்கா, ஒருத்தன்கிட்ட உன் சம்பளம் என்னன்னு சந்தையில நின்னு கேட்டா என்ன சொல்வான்?"

கிழித்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் கிழிப்பதில் திருப்தியே இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

இனி யாரையும் கேட்கப் போவதில்லை. மெஷினையே சொல்ல வைப்பேன். விளையாட்டின் முதல் அரை மணி நேரத்தைச் சோதனைப் பதிப்பாக இலவசமாக வெளியிடுகிறோம். அனுமதி கொடுத்தவர்களின் மெஷினிலிருந்து ஒரு சிறு குறிப்பு வரும்: கார்டு, மெமரி, திரை. ஒரு மெஷின் ஒரு முறைதான் எண்ணப்படும். எளிய கடல் இன்னும் முடியாததால் பெரிய கடல் மட்டும்தான் இதில். குறிப்பு அனுப்பும் பகுதியை முதலாளி சொல்லி ஆபீஸில் ஒருவர் எழுதிச் சேர்த்துவிட்டார்.

பொய் சொல்ல வழியில்லை. மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

பதினோராயிரத்து முந்நூறு குறிப்புகள். நல்ல கார்டு: எழுபத்தெட்டு சதவீதம்.

மூன்று தடவை சரிபார்த்தேன். எழுபத்தெட்டுதான்.

கூட்டத்தில் சொன்னேன். சொல்லும்போது குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஒரு மாதமாக நான்தான் அறுபத்திரண்டை நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கடைசியில் என் சொந்தக் கணக்கே அதைவிட அதிகம் சொல்கிறது. தோற்றதை ஒப்புக்கொள்ளும் நேர்மை எனக்கு இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் வேறு.

"அக்காவே சொல்லிட்டாங்க! இனிமே பேச்சே இல்ல!" என்று முதலாளி மேசையைத் தட்டினார்.

உப்பு தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை.

மார்ச் 4, புதன்

உப்பிடம் சொல்லிவிட்டார்கள். இந்த மாதக் கடைசி வரைதான் வேலை.

மார்ச் 7, சனி

காலையில் என் வீட்டுக்காரர் தன் வாரக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. தெருத் தெருவாக நடந்து ரீடிங் எடுப்பார். தாளில் பாதி இடங்களில் எண்ணுக்குப் பதில் ஒரு கோடு.

"என்ன இது, இத்தனை கோடு?"

"வீடு பூட்டு."

"அதை எப்படிக் கணக்குல சேப்பீங்க?"

"சேக்க மாட்டேன். பூட்டுன்னு கோடு போடுவேன். எத்தனை பூட்டுன்னு கீழ தனியா எழுதணும். இல்லன்னா ஆபீஸ்ல மேல இருக்கறவர் திறந்த வீட்டை மட்டும் பார்த்துட்டு, தெரு முழுக்க இவ்வளவு தண்ணிதான்னு முடிவு பண்ணிடுவார்."

சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

என் பூட்டிய வீடுகள் எத்தனை?

சோதனைப் பதிப்பை இறக்கியவர்கள் எத்தனை பேர் என்று நான் பார்க்கவே இல்லை. வந்த குறிப்புகளை எண்ணினேன். வராததை எண்ணவில்லை. மற்றவர்களிடம் ஒரு மாதமாகக் கேட்ட கேள்வி — எத்தனை பேர் பதில் சொல்லவில்லை — அதை என்னிடம் நான் கேட்கவில்லையே! ஊருக்குத்தான் உபதேசம்.

உடனே கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். இறக்கியவர்கள் பதினெட்டாயிரத்து நானூறு. குறிப்பு வந்தது பதினோராயிரத்து முந்நூறு. ஏழாயிரத்து நூறு வீடு பூட்டு.

அவர்கள் யாரிடமும் நல்ல கார்டு இல்லையென்று வைத்தால் எழுபத்தெட்டு, நாற்பத்தெட்டாகிறது. நாற்பத்தெட்டா, எழுபத்தெட்டா? இதை வைத்தா ஒருத்தியின் வேலையை எடுத்தோம்? சட்டை கருகவில்லை, அது ஒன்றுதான் இன்று நடந்த நல்லது.

மார்ச் 9, திங்கள்

உப்பின் மேசைக்குப் போனேன். பொருள்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறாமல் திரையைத் திருப்பி, குறிப்பு அனுப்பும் பகுதியைத் திறந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இங்க பாருங்க. முதல் தடவை கடல் திரையில வந்த பிறகுதான் குறிப்பு கிளம்புது. பலம் இல்லாத கார்டுல கடல் வர்றதுக்கு முன்னாடியே விளையாட்டு செத்துடும். செத்தவன் எப்படிக் கடிதாசி போடுவான்?"

திக்கித் திணறியாவது கடல் வரை வந்தவர்கள்தான் அந்த மிச்சம் இருபத்திரண்டு சதவீதம். வராமலே விழுந்தவர்கள் எங்கேயும் இல்லை.

"என்கிட்ட கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்க்கா."

"எனக்குத் தோணல."

"தோணலயா? பழைய மெஷின்ல எது ஓடும், எது ஓடாதுன்னு இந்த ஆபீஸ்ல தெரிஞ்ச ஒரே ஆள் நான். ரெண்டு வருஷமா அதுதான் என் வேலை. நீங்க உலகத்துல எல்லாரையும் கேட்டீங்க. நாலு அடி தள்ளி உக்காந்திருக்கறவளைக் கேக்கல."

அவள் வேலை போகும் விஷயத்தில் அவளையே கேட்டால் பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்று நினைத்தேனாம். என்ன பெரிய நியாயஸ்தி நான்! சாயாமல் நிற்கிறேன் பேர்வழி என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

குறிப்பு இனிமேல் விளையாட்டு திறந்த உடனேயே கிளம்பும்படி அவளே மாற்றிக் கொடுத்தாள். பெட்டியை மூடாமலே.

மார்ச் 10, செவ்வாய்

எல்லார் முன்னாலும் சொன்னேன். "போன வாரம் நான் சொன்ன நம்பர் தப்பு. தப்பு கடையோடது இல்ல, என்னோடது."

முதலாளி கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, "அக்கா, ஒரு மாசமா அவங்களைக் குத்தம் சொன்னீங்க. நான் உங்களை நம்பி ஒரு பொண்ணை வேலையை விட்டு அனுப்பிட்டேன். இப்ப வந்து..." முடிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாற்றிய பதிப்பு மதியம் வெளியே போனது. வெளியீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல இன்னும் மூன்று நாள்.

மார்ச் 11, புதன்

எண்களுக்காகக் காத்திருக்க முடியவில்லை. மாற்றிய பதிப்பை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு மதியம் தம்பியின் சென்டருக்குப் போனேன். முதலில் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். மூட்டு வலி என்றான். இந்த வயசில் என்னடா மூட்டு வலி என்றேன். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறானாம். எனக்குத் தெரியாது.

சுவர் ஓரத்துப் பழைய மெஷின்கள் பன்னிரண்டிலும் ஏற்றிப் பார்த்தோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்றில் கடல் வந்தது, படம் படமாக நின்று நின்று. ஒன்பதில் கறுப்புத் திரை, பிறகு விளையாட்டே மூடிக்கொண்டு கம்ப்யூட்டரின் வெறும் முகப்புத் திரை. எந்த அறிவிப்பும் இல்லை. ஒன்பதாவது தடவை அது செத்தபோது பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பெண்மணி சொன்னார், "நான் இந்த விளையாட்டை வீட்ல போட்டுப் பாத்தேங்க. இப்படித்தான் ஆச்சு. என் மெஷின்தான் போச்சுன்னு நினைச்சேன்."

அதுவும் ஒரு பூட்டிய வீடு. அவர் யாருக்கும் புகார் எழுதவில்லை. எழுதத் தோன்றவும் இல்லை. தன் மெஷின் மேல்தான் பழி போட்டார்.

இது ஒரு சென்டர், பன்னிரண்டு மெஷின். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தெரியும்.

கிளம்பும்போது படிக்கட்டில் நின்று சொல்லிவிட்டேன். மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. "நீ இதைத் திறந்தப்போ அத்தை வீட்ல எல்லார் முன்னாடியும் நான் சொன்னேனே, இது தொழிலே இல்ல, ஒரு வருஷம்கூடத் தாங்காதுன்னு. சொல்லியிருக்கக் கூடாதுடா."

டயர் கடையில் காற்று அடிக்கும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தான்.

"சொன்னதுகூடப் பரவால்லக்கா. வந்து பாக்காமலே சொன்னே பாரு."

மார்ச் 13, வெள்ளி

நாலாயிரத்து இருநூறு மெஷின்கள் திறந்த உடனே குறிப்பு அனுப்பியிருக்கின்றன. நல்ல கார்டு ஐம்பத்தேழு சதவீதம்.

முதலாளியிடம் நான் கொடுத்தது ஒற்றை எண் இல்லை. "ஐம்பதுக்கும் அறுபத்தஞ்சுக்கும் நடுவுல. இறக்கிட்டுத் திறக்காதவங்க யாருன்னு தெரியாது. அனுமதி தராதவங்க யாருன்னு தெரியாது. நம்ம விளையாட்டையே கேள்விப்படாதவங்க யாருன்னு தெரியவே தெரியாது."

"இது என்னக்கா, நம்பரா வானிலை அறிக்கையா?"

"வானிலை அறிக்கையைப் பார்த்துட்டுத்தானே கடலுக்குப் போறாங்க."

சிரித்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு. ஆனால் உடனே பிடித்துக்கொண்டார். "இருங்க. ஐம்பதுலேர்ந்து அறுபத்தஞ்சுன்னா, கடை சொன்ன அறுபத்திரெண்டும் அதுக்குள்ளதானே இருக்கு? முதல்லயே கிட்டத்தட்ட சரியாத்தானே சொல்லியிருக்காங்க?"

இதற்குத்தான் நான் இத்தனை நாள் கழுதையாக உழைத்தேனா? ஆமாம், சரியாக இருக்கலாம். கூட எண்ணினதும் குறைத்து எண்ணினதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அங்கே போய் நின்றிருக்கலாம். நின்ற கடிகாரமா, ஓடுகிற கடிகாரமா என்று ஒரு தடவை மணி பார்த்துச் சொல்ல முடியாது.

"சரியாவே இருக்கட்டும்" என்றேன். "அறுபத்திரெண்டு சரின்னே வச்சுக்குவோம். மீதி முப்பத்தெட்டு பேர் யாரு? பத்துப் பேர் வாசல்ல நிக்கறாங்க, நாலு பேர் மூஞ்சில கதவு மூடுது. அதுவும் சொல்லாமக் கொள்ளாம மூடுது. அவங்க தன் மெஷின்தான் போச்சுன்னு நினைச்சுட்டுப் போறாங்க. நான் முந்தாநேத்து பார்த்துட்டு வந்தேன். இத்தனை நாளா நாம இருக்கறவங்க எவ்வளவுன்னே சண்டை போட்டோம். இல்லாதவங்களை ஒரு தடவையாவது எண்ணினோமா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றி, சட்டை ஓரத்தில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். வெளியீட்டாளர்களை அழைத்தார். ஜூலை என்றார். இரண்டு கடல் என்றார். அந்தப் பக்கம் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

மார்ச் 16, திங்கள்

உப்புக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். நாங்கள் முடிவெடுத்தது வெள்ளிக்கிழமை மாலை.

முதலாளி எவ்வளவோ பேசிப் பார்த்தார். ஜூன் கடைசி வரை இருந்து எளிய கடலை முடித்துக் கொடுக்கிறேன் என்றாள். அதுவும் புது இடத்தில் கெஞ்சித் தேதி வாங்கி. "கடலுக்காக இருக்கேன். உங்களுக்காக இல்ல" என்றாள் என்னிடம். உறைக்க வேண்டும் என்று சொன்னாள். உறைத்தது.

சரியான எண்ணை நான் பத்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால்? கடையின் சர்வேயைப் போட்டு அந்த அடி அடித்தேன். அதனால் யாரும் வேலை இழக்கவில்லை. என் கணக்கால் ஒருத்தி போகிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

கடையின் புது சர்வே. பதினேழு சதவீதமாக இருந்த அந்தக் கார்டு இப்போது பத்து. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. ஏழு சதவீத மக்கள் கார்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டார்களா?

தாளை முதலாளி மேசையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "சந்தோஷமா இருக்கணுமே நீங்க" என்றார். இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

ஜூன் 30, செவ்வாய்

உப்பின் கடைசி நாள். எளிய கடலை ஓட்டிக் காட்டினாள். தட்டையான அலைதான். ஆனால் படகு அதன் மேல் ஏறி இறங்கும்போது வயிற்றில் ஒரு குழி விழுகிறது. அதை எப்படிச் செய்தாள் என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். நாற்பது நிமிடம் சொன்னாள். பாதி புரிந்தது.

போகும்போது கை கொடுத்தாள்.

ஜூலை 21, செவ்வாய்

விளையாட்டு வெளியாகி ஒரு வாரம். வாங்கியவர்களில் நூற்றுக்கு முப்பத்து நான்கு பேர் எளிய கடலில் ஆடுகிறார்கள். நான் பயந்த அளவு இல்லை. கடையின் கணக்குப்படி வரவேண்டிய முப்பத்தெட்டும் இல்லை.

"நீங்க சொன்னதும் சரியில்ல, அவங்க சொன்னதும் சரியில்ல" என்றார் முதலாளி, டீ டம்ளரை நீட்டியபடி.

முப்பத்து நாலும் வாங்கியவர்களின் கணக்குதான் என்று சொல்ல வாயெடுத்தேன். டீயைக் குடித்தேன்.

உப்புக்கு அந்த எண்ணை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு அலை படம் மட்டும் வந்தது.

ஆகஸ்ட் 27, வியாழன்

சாயங்காலம் தம்பி போன் செய்தான். அவனாகப் போன் செய்வது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டாம்.

கல்லூரிக்கு எதிரில் ஒரு மாடி வாடகைக்கு வருகிறதாம். இரண்டாவது சென்டர் போடலாமா என்று யோசிக்கிறான். சுற்றுவட்டாரத்தில் இத்தனை மாணவர்கள், அதில் இத்தனை சதவீதம் பேர் விளையாடுகிறவர்கள் என்று வீட்டுத் தரகர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். அதை அப்படியே படித்துக் காட்டினான்.

"நீ கணக்குக்காரி. போடலாமா, வேண்டாமா? சொல்லு."

வாய் வரைக்கும் பதில் வந்துவிட்டது. இரண்டு காரணங்களோடு.

"எனக்குத் தெரியலடா" என்றேன்.

"உனக்கா?"

"அந்த வழியா எத்தனை பேர் போறாங்க, யார் யார், எந்த நேரத்துல, அவங்க வீட்ல மெஷின் இருக்கா இல்லையான்னு நின்னு பாக்காம எப்படிச் சொல்றது? ரெண்டு வாரமாவது பாக்கணும்."

"ரெண்டு வாரமா? நான் சென்டரை விட்டுட்டு அங்க போய் எப்படி நிக்கறது?"

"சனி, ஞாயிறு நான் நிக்கறேன். நாலு மணிலேர்ந்து ஏழு வரைக்கும்."

"ரோட்லயா?"

"ரோட்லதான். வேற எங்க நிக்கறது?"

சிரித்தான். பிறகு, எதிர்க்கடைக்காரரிடம் சொல்லி ஒரு ஸ்டூல் போடச் சொல்கிறேன் என்றான். தெரு கிழக்கு மேற்காம், சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்குமாம்.

தொப்பி ஒன்று வாங்க வேண்டும்.